பறையும் காயணும், குதிரையும் காயணும்: கலைவிழா கேள்வி–பதில்

பொங்கலை ஒட்டி ஊர்களிலும் கல்லூரிகளிலும் நாட்டுப்புறக் கலைவிழா நடத்துகிறவர்கள் அனுப்பிய கேள்விகள் இந்த இதழில். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்து ஒன்றாக்கியிருக்கிறோம்.

கல்லூரியில் பத்துப் பறை வாங்கினோம். பகலில் பயிற்சி எடுக்கும்போது கணீரென்று கேட்கிறது. விழா அன்று இரவு மேடை ஏறினால் ‘தொப் தொப்’ என்கிறது. கேஸ் அடுப்பில் காட்டியதில் ஒரு பறை கிழிந்தே போய்விட்டது. எங்கே தப்பு?
– ஒரு மாணவர், திண்டுக்கல்

பறை மேல் தப்பில்லை, பனி மேல்தான். பறையில் இழுத்து ஒட்டியிருப்பது மாட்டுத்தோல். தோல் காற்றிலுள்ள ஈரத்தைக் குடிக்கும், குடித்தால் தளரும். மார்கழி, தை மாத இரவில் ஏழு மணிக்கு மேல் இது தப்பாமல் நடக்கும். அதனால்தான் காய்ச்சாமல் எந்த ஆட்டக்காரரும் பறையைத் தோளில் மாட்டுவதில்லை.

காய்ச்சுவதற்கு வைக்கோல், காய்ந்த பனையோலை, பழைய செய்தித்தாள் இவையே போதும். சட்டென்று எழுந்து சட்டென்று அடங்குகிற தீ வேண்டும், கனன்றுகொண்டே இருக்கிற தீ கூடாது. தோல் பக்கத்தைத் தீயை நோக்கிப் பிடித்து, ஒன்றரை அடிக்குக் குறையாமல் தள்ளி நின்று, பறையை வண்டிச் சக்கரம்போலச் சுழற்றிக்கொண்டே இருங்கள். ஓரத்தில் தொடங்கி நடுவுக்கு வாருங்கள். அவ்வப்போது விரலால் சுண்டிப் பாருங்கள். ‘தொப்’ என்பது ‘டங்’ என்று மாறும் நொடி காதுக்குத் தெரியும். அங்கே நிறுத்திவிட வேண்டும். ‘இன்னும் கொஞ்சம்’ என்று ஆசைப்பட்டால் தோல் அளவுக்கு மேல் இறுகி, முதல் அடியிலேயே ஓரம் பிளக்கும்.

கேஸ் அடுப்பில் நடந்தது வேறு. அதன் சூடு ஒரே வட்டத்தில் குவிகிறது. அந்த இடம் மட்டும் சுருங்கி, சுற்றியிருக்கிற தோலைப் பிடித்து இழுக்கிறது. கிழிசல் அங்கேதான் தொடங்கும். இன்னொரு கேடும் உண்டு. தோலை மரச் சட்டத்தோடு பிடித்திருப்பது புளியங்கொட்டைப் பசை. அளவு மீறிச் சூடேறினால் பசை பொரிந்து, தோல் ஓரத்தில் விட்டுக்கொடுக்கும். அப்படி விட்ட பறையை ஃபெவிகால் வைத்து ஒட்டிப் பார்க்காதீர்கள். பறை கட்டுகிறவரிடம் கொடுத்துவிடுங்கள்.

மேடை ஏறுவதற்குக் கால் மணி நேரம் முன்பு காய்ச்சினால் சரியாக இருக்கும். மாலை ஐந்து மணிக்கே காய்ச்சி அடுக்கி வைத்துவிட்டு, வரவேற்புரை, தலைமையுரை, பொன்னாடை எல்லாம் முடிந்து எட்டரைக்கு அழைத்தால் பழைய கதைதான். நிகழ்ச்சி அரை மணியைத் தாண்டினால் நடுவில் ஒருமுறை மறுபடி காட்ட வேண்டியிருக்கும். ஆகவே மேடைக்குப் பின்னால் காற்று மறைவாக ஓர் இடம், இரண்டு கட்டு வைக்கோல், ஒரு வாளி மணல், ஒரு குடம் தண்ணீர் ஏற்பாடு செய்யுங்கள். பட்டுத் துணியும் சரிகைத் துண்டும் கட்டியவர்கள் தீப்பக்கம் போக வேண்டாம். காய்ச்சுவதற்கென்றே வேட்டியை மடித்துக் கட்டிய ஒருவர் இருக்கட்டும். சூடேறிய பறையைச் சில்லென்ற சிமென்டுத் தரையில் கவிழ்க்கவும் கூடாது.

குச்சியையும் பாருங்கள். வலக்கையில் பிடிப்பது அடிக்குச்சி: குட்டையாக, தடிப்பாக, ஏறத்தாழ 18 செ.மீ. இடக்கையில் சிம்புக்குச்சி: மூங்கிலைச் சீவிய தட்டைக் குச்சி, ஏறத்தாழ 28 செ.மீ. மூங்கிலின் ஓரத்தை உப்புத்தாளால் தேய்த்து மழுக்காவிட்டால் அது தோலைக் கத்திபோல் கோடு கிழிக்கும். கல்லூரிப் பறைகள் சீக்கிரம் சாவதற்குத் தீயைவிட இதுதான் பெரிய காரணம்.

ஃபைபர் பறைக்கு இந்தத் தொல்லை எதுவும் கிடையாது. மழையிலும் அடிக்கலாம். பயிற்சிக்கு வாங்கிக்கொள்ளுங்கள். ஆனால் தோலின் அந்த அடிவயிற்று அதிர்வு அதில் வராது. விழாவுக்குத் தோல்தான்.

பொய்க்கால் குதிரைக் கலைஞர் எங்கள் மேடையில் வழுக்கி விழப் பார்த்தார். மேடை புதிது, தரையும் சமம். இருந்தும் ஏன்?
– விழாக்குழு, பட்டுக்கோட்டை

மேடையில் ஃப்ளெக்ஸ் விரித்திருந்தீர்களா? பெரும்பாலும் அதுதான். கணுக்காலுக்குக் கீழே கட்டியிருக்கும் மரக்காலின் அடி உள்ளங்கை அளவுகூட இருக்காது. ஆடுகிறவரின் எடை, இடுப்பில் தொங்கும் குதிரைக் கூட்டின் எடை எல்லாம் அந்தச் சின்ன வட்டத்தில்தான் இறங்குகின்றன. ஃப்ளெக்ஸ், பளபளக்கும் டைல்ஸ், சுருண்டு கிடக்கும் கம்பளம் மூன்றும் ஆகாது. கெட்டித்த மண்தரை முதல் தரம், சொரசொரப்பான சிமென்டு இரண்டாம் தரம். பலகை மேடையானால் பலகைகளுக்கு நடுவே மரக்கால் நுழைகிற இடைவெளி இருக்கிறதா என்று நடந்து பார்த்து அடைத்துவிடுங்கள். மைக் வயர் ஒன்றுகூடக் குறுக்கே போகக் கூடாது.

அடுத்தது, பலருக்கும் தோன்றாதது. பொய்க்காலில் ஆட முடியும், அசையாமல் நிற்க முடியாது. காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டே இருந்தால்தான் நிலை தப்பாது. ஆகவே ராஜா, ராணி வேடத்தில் ஆடும் இருவரையும் வாசலில் நிறுத்தி வைத்து, அமைச்சரின் வண்டி வரட்டும் என்று காக்க வைப்பது கொடுமை. மரக்காலைக் கட்டவும் அவிழ்க்கவும் நடுவில் இளைப்பாறவும் இடுப்புயரத் திண்ணையோ மேசையோ ஒன்று ஓரமாகப் போட்டு வையுங்கள். சாதாரண நாற்காலியில் உட்கார்ந்தால் அவர்களால் எழுந்திருக்க முடியாது.

சிலப்பதிகாரத்தில் மாதவி ஆடிய பதினோராடல்களில் ஒன்று மரக்காலாடல். அசுரர்கள் பாம்பும் தேளுமாகி வர, கொற்றவை மரக்கால் கட்டி அவற்றை மிதித்து ஆடியதாகச் சொல்வார்கள். அவளுக்கும் ஃப்ளெக்ஸ் விரித்திருந்தால் என்ன ஆகியிருக்குமோ!

ஒயிலாட்டம், தேவராட்டம் இரண்டிலும் ஆண்கள் கையில் கைக்குட்டை, காலில் சலங்கை. வேறுபாடு என்ன?
– ஒரு வாசகி, உடுமலைப்பேட்டை

பாட்டைக் கவனியுங்கள். ஒயிலாட்டத்தில் பாட்டு உண்டு. வாத்தியார் எடுத்துக் கொடுக்க, வரிசையாக நிற்பவர்கள் வாங்கிப் பாடி ஆடுவார்கள். ராஜகம்பளம் சமூகத்தாரின் தேவராட்டத்தில் பாட்டு கிடையாது, உறுமி மேளத்தின் அடிக்குத்தான் ஆட்டம். வள்ளி–முருகன் கதையைப் பாடி ஆடும் உங்கள் பக்கத்து வள்ளி ஒயில் கும்மி மூன்றாவது வகை. அதைக் காலமெல்லாம் கற்றுக்கொடுத்த கோவை பத்திரப்பனுக்கு 2024இல் பத்மஸ்ரீ கிடைத்தது.

முகப்பில் நான்கு அடி உயரத்தில் இரண்டு மண் குதிரைகள் வைக்க ஆசை. விழாவுக்கு இன்னும் இருபது நாள் இருக்கிறது. செய்து தருவார்களா?
– விழா ஒருங்கிணைப்பாளர், புதுக்கோட்டை

செய்து தருவதாகச் சொல்பவர் கிடைக்கலாம். ஆனால் சூளையில் வெடிக்கும். அய்யனாருக்கு மண் குதிரை செய்து எடுத்துச் செல்லும் புரவி எடுப்பு நடக்கிற ஊர்களில் பிடிமண் கொடுக்கும் வழக்கம் சும்மா வந்ததில்லை. ஊரார் ஒரு பிடி மண்ணும் முன்பணமும் மண் குதிரை செய்யும் வேளாரிடம் கொடுத்து, திருவிழாவுக்கு வாரக்கணக்கில் முன்னாலேயே வேலையைத் தொடங்கச் சொல்கிறார்கள். அது சடங்குதான், கூடவே வேலைத் திட்டமும்.

நாளெல்லாம் எங்கே போகிறது என்று பாருங்கள். குளத்துக் களிமண்ணில் மணலும் உமியும் கலந்து மிதித்துப் பதம் செய்ய வேண்டும். மணல் இல்லாவிட்டால் காயும்போதே பாளம் பாளமாக விரியும். உமி சூளையில் எரிந்துபோய் நுண்ணிய துளைகளை விட்டுச்செல்லும், ஆவி வெளியேற அதுதான் வழி. முதலில் நான்கு கால்களை உருளை உருளையாக எடுப்பார்கள். அவை சற்று இறுகிய பிறகே வயிற்றைத் தூக்கி நிறுத்த முடியும். ஈரக்கால் மேல் வயிறு வைத்தால் கால் பிதுங்கும். முழுக்கக் காய்ந்த கால் மேல் வைத்தால் புதுமண் ஒட்டாமல் விலகும். இடைப்பட்ட அந்தப் பதத்துக்குத்தான் காத்திருப்பு. வயிறு, கழுத்து, தலை என்று ஒவ்வொரு கட்டத்துக்கும் இதே கதை. உள்ளே முழுக்கப் பொள்ளல். சுவரின் தடிப்பு எங்கும் ஒன்றாக இருக்கும்படி பலகையால் வெளியிலும் கல்லால் உள்ளேயும் தட்டிக்கொண்டே வருவார்கள். ஓரிடம் தடித்து ஓரிடம் மெலிந்தால் இரண்டும் வெவ்வேறு வேகத்தில் சுருங்கி, சேரும் இடத்தில் கீறல் விழும். காதுக்குப் பின்னால், கால் வயிற்றோடு சேரும் மடிப்பில் முதல் கீறல் தெரியும்.

பிறகு நிழலில் காய வேண்டும், வெயிலில் அல்ல. நான்கு அடிக் குதிரைக்கு நல்ல காற்றோட்டத்தில் இரண்டு, மூன்று வாரம் பிடிக்கும். மார்கழியில் இன்னும் தள்ளும். வெளியே வெளுத்துவிட்டது, உள்ளே ஈரம் இருக்கிறது என்ற நிலையில் சூளை வைத்தால், ஈரம் ஆவியாகி வழி கிடைக்காமல் சுவரை உடைத்துக்கொண்டு வெளியே வரும். வைக்கோலும் வறட்டியும் விறகும் அடுக்கி மேலே மண் பூசிய சூளையை, எரிந்து முடிந்ததும் பிரிக்கக் கூடாது. தானாக ஆறட்டும். அவசரத்தில் பிரித்துக் குளிர்காற்றைப் பட விட்டால் ‘டிக்’ என்று ஒரு சத்தம் கேட்கும், அவ்வளவுதான்.

எல்லாம் சேர்த்து ஒன்றரை மாதம் கையில் இருக்கட்டும். இந்த ஆண்டுக்கு ஒரே வழி, வேளாரிடம் ஏற்கெனவே சுட்டு வைத்திருக்கும் ஒன்றரை, இரண்டடிக் குதிரைகளை வாங்கி, செங்கல் மேடை கட்டி அதன்மேல் நிறுத்துவது. ஏற்றும்போது டிராக்டரில் வைக்கோல் மெத்தை போட்டு, வயிற்றுக்கு அடியில் இருவர் கைகொடுத்துத் தூக்குங்கள். கழுத்தைப் பிடித்துத் தூக்கினால் கழுத்து மட்டும் கையோடு வரும். வண்ணம் வேண்டுமானால் சுண்ணாம்பும் காவியும் போதும். எனாமல் பெயின்ட் அடித்தால் மண் குதிரை என்று நீங்கள்தான் பலகை எழுதி வைக்க வேண்டியிருக்கும்.

‘அய்யனார் கோயில் காட்டில் பழைய குதிரைகள் சும்மாதானே கிடக்கின்றன’ என்று இன்னொரு வாசகர் கேட்டிருக்கிறார். சும்மா கிடக்கவில்லை. கண் திறந்து நேர்த்திக்கடனாக விட்ட குதிரை உடைந்தாலும் அங்கேயேதான் இருக்க வேண்டும். தொடாதீர்கள்.

தெருக்கூத்துக் குழுவுக்கு 20 நிமிடம் ஒதுக்கியிருக்கிறோம். குழுவினர் முகம் சுளிக்கிறார்கள். ஒரு சாம்பிள் காட்டினால் போதாதா?
– செயலாளர், குடியிருப்போர் சங்கம், சென்னை

முகம் சுளிக்காமல் என்ன செய்வார்கள்? கட்டைவேஷம் போடவே இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். முகத்துக்கு அரிதாரம் பூசிக் கோடு இழுத்து, கல்யாண முருங்கைக் கட்டையில் செதுக்கிக் கண்ணாடி பதித்த கிரீடத்தையும் புஜக்கட்டையையும் மார்புப் பதக்கத்தையும் ஒவ்வொன்றாக இழுத்துக் கட்ட வேண்டும். மூன்று மணி நேரம் கட்டிக்கொண்டு 20 நிமிடம் ஆடிவிட்டு இறங்கச் சொல்கிறீர்கள்.

கூத்து இயல்பாக இரவு பத்துக்கு மேல் தொடங்கி விடியும்வரை போகும் கலை. திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதக் கூத்து நாள்கணக்கில் நடந்து, துரியோதனன் வீழும் படுகளத்தில் முடியும். அதை நகரத்துக்குக் கொண்டுவரும்போது சுருக்கத்தான் வேண்டும், ஒப்புக்கொள்கிறோம். ஆனால் எங்கே சுருக்குவது என்பதைக் குழுவிடம் விடுங்கள். ஒன்றரை மணி நேரம் கொடுத்தால் ஒரே ஒரு கட்டத்தை, உதாரணமாகக் கர்ணன் போருக்குக் கிளம்பும் முன் மனைவி பொன்னுருவியோடு நடக்கும் தர்க்கத்தை, முழுசாகத் தர முடியும். மூன்று கதையிலிருந்து மூன்று துணுக்கு வேண்டாம். எதை வெட்டினாலும் திரைப் பிரவேசத்தை வெட்டாதீர்கள். இரண்டு பேர் திரையைப் பிடித்து நிற்க, உள்ளே இருந்து வேஷக்காரர் பாடுவார். முதலில் சலங்கைச் சத்தம், பிறகு திரைக்கு மேலே கிரீடத்தின் நுனி, பிறகு திரும்பி நிற்கும் முதுகு. திரை விலகும்போதுதான் முகம். பார்ப்பவர் நிமிர்ந்து உட்காரும் இடம் அதுதான். கூத்தின் கோமாளியான கட்டியங்காரனும் வேண்டும். கூத்துக்குப் பழகாத சென்னைக் கூட்டத்துக்குக் கதையை அவிழ்த்துச் சொல்ல அவரைவிட நல்ல ஆள் இல்லை.

இடம்: மேடை வேண்டாம். கார் நிறுத்துமிடத்தில் இருபது அடிக்கு இருபது அடி சமதரை, மூன்று பக்கம் ஜமுக்காளம், நான்காம் பக்கம் ஒரு பெஞ்சு. அதன் பின்னே ஆர்மோனியம், மிருதங்கம், முகவீணை (ஊதுகிற சிறு குழல்), தாளம், பின்பாட்டு. விளக்கை இரண்டு ஓரத்திலிருந்தும் முக உயரத்துக்குச் சற்று மேலே வையுங்கள். நேர் உச்சியில் வைத்தால் கிரீடத்தின் நிழல் விழுந்து கண் தெரியாது, கண் தெரியாத துரியோதனனால் யாருக்கும் பயமில்லை. சட்டையில் குத்தும் மைக் ஒத்துவராது. மார்புப் பதக்கம் இடித்து இடித்துச் சத்தம்தான் வரும். ஸ்டாண்டு மைக் முன்னால் ஒன்று, பின்பாட்டுக்கு ஒன்று போதும்.

ஒப்பனைக்குக் கதவுள்ள ஓர் அறை, நல்ல வெளிச்சம், பாய், குடிநீர், வேஷம் கலைக்கத் தேங்காய் எண்ணெயும் பழைய துணியும் கொடுங்கள். சாப்பாட்டை வேஷம் போடும் முன்பே போட்டுவிடுங்கள், கட்டிய பிறகு சாப்பிட மாட்டார்கள்.

அப்படியானால் இரவு பத்து மணிக்கு மேல் நடத்தினால் போலீஸ் பிரச்சினை வராதா?
– மேற்படி வாசகர்

ஒலிமாசு விதிகளின்படி இரவு 10 முதல் காலை 6 வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கிக்குத் தடை. பண்பாட்டு, சமய விழாக்களுக்கு நள்ளிரவு 12 வரை தளர்த்தும் அதிகாரம் மாநில அரசுக்கு உண்டு, அதுவும் ஆண்டுக்கு 15 நாள்களுக்கு மேல் இல்லை. உங்கள் விழா அந்த நாள்களில் வருகிறதா என்பதைக் காவல் நிலையத்தில் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். இல்லையென்றால் ஏழரைக்குத் தொடங்கி ஒன்பதரைக்கு முடித்துவிடுங்கள். அதற்கு வேஷம் கட்டுவது நாலரை மணிக்கே தொடங்க வேண்டும்.

என் மகளுக்குப் பதிமூன்று வயது. கரகம் கற்றுக்கொள்கிறாள். எடை எவ்வளவு வைக்கலாம்? கோயிலில் எடுக்கும் கரகமும் இதுவும் ஒன்றுதானா?
– ஒரு தாய், மதுரை

ஒன்றல்ல. கோயிலில் எடுப்பது சக்திக் கரகம். நீர்த்துறையில் ஜோடித்து, நீர் நிரப்பி, வேப்பிலை சூடி, காப்புக் கட்டி விரதம் இருப்பவர் எடுப்பது. அதை மேடையில் ‘காட்ட’ வேண்டாம். உங்கள் மகள் கற்பது ஆட்டக் கரகம்.

தொழில்முறைக் கலைஞர்கள் செம்பில் மூன்று, நான்கு கிலோ எடை வரும்படி அரிசியோ மணலோ நிரப்புவார்கள். பதிமூன்று வயதுக்கு அது ஆகாது. கழுத்தெலும்பு வளர்கிற வயசு. முதலில் எடையில்லாத செம்பு, பிறகு கால் கிலோ, அரை கிலோ. கழுத்து வலிக்கிறது என்றால் அன்று நிறுத்திவிட வேண்டும். நிரப்புவதைப் பாதியில் விடாதீர்கள், உள்ளே அரிசி சாய்ந்தால் செம்பும் சாயும். எடை குறைவாக வேண்டுமென்றால் சின்னச் செம்பாக வாங்கி, அரிசியின் மேல் துணியைத் திணித்து, வாயை இறுக அடைத்துவிடுங்கள். ஆட்டச் செம்பின் அடிப்பாகத்தை உட்பக்கமாகத் தட்டிக் குழித்திருப்பார்கள், தலையில் பொருந்தி உட்கார அந்தக் குழி வேண்டும். கடையில் வாங்கிய சாதாரணச் செம்பு நிற்கவில்லை என்றால் குறை பிள்ளையிடம் இல்லை. பயிற்சி நாளில் உச்சியில் எண்ணெய் வேண்டாம், கொண்டையைப் பின்கழுத்தோடு தாழ்த்திப் போடுங்கள். பார்வை எதிர்ச்சுவரில் கண்மட்டத்தில் ஒரு புள்ளியில் இருக்கட்டும். காலைப் பார்த்தால் கரகம் காலடிக்கு வந்துவிடும்.

விழாவில் கைவினைக் கடைகள் போடுகிறோம். பத்தமடைப் பாய் என்று பிளாஸ்டிக் பாயையும், தோடர் பூவேலை என்று மெஷின் துணியையும் விற்றுவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது.
– மகளிர் குழு, திருநெல்வேலி

பாயின் ஓரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு நாரைக் கிள்ளி நெருப்பில் காட்டுங்கள். கோரை புல்லாக எரிந்து சாம்பலாகும். பிளாஸ்டிக் உருகி உருண்டையாகும். அடுத்து நிறம். தாமிரபரணிக் கரைக் கோரையை ஊறவைத்துக் கையால் கீறுவதால் நாருக்கு நார் நிறம் இம்மி அளவாவது மாறும். அச்சுப் பிசகாமல் ஒரே நிறமாக இருந்தால் சந்தேகப்படுங்கள். ரகத்தை எண்ணால் சொல்வார்கள்: நூறு, நூற்றிருபது, நூற்றிநாற்பது. எண் ஏற ஏற நார் மெலிதாகும், வேலை நாளும் கூடும், விலையும் கூடும். நூற்றிநாற்பது என்று சொல்லி அடிமாட்டு விலைக்குக் கொடுத்தால் அது நூற்றிநாற்பது இல்லை. சாயப்பாயாக இருந்தால் ஈரப் பஞ்சால் ஒரு மூலையைத் துடைத்துப் பாருங்கள். கடைக்காரர்களுக்கு ஒன்று: பனியில் மடித்து வைத்த பாயில் கரும்பூஞ்சை பிடிக்கும். சுருட்டி, தரையில் படாமல் நிறுத்தி வையுங்கள்.

நீலகிரிப் பழங்குடிகளான தோடர்களின் துணிக்குப் பின்பக்கத்தைத் திருப்புங்கள். வெள்ளைப் பருத்தித் துணியின் இழைகளை எண்ணி எண்ணி, வரைபடமும் சட்டமும் இல்லாமல், சிவப்பும் கறுப்புமாக ஊசியால் கோத்திருப்பார்கள். இரண்டு பக்கமும் சுத்தமாக இருக்கும், தடவினால் நூல் புடைத்து நிற்கும். மெஷின் வேலையின் பின்னால் நூல் தாறுமாறாகத் தாவியிருக்கும், அல்லது தாள்போல ஒன்றை ஒட்டி மறைத்திருப்பார்கள். இரண்டுக்குமே புவிசார் குறியீடு இருக்கிறது. கடை கேட்பவரிடம் அதற்குப் பதிவுபெற்ற பயனாளரா என்று கேளுங்கள்.

கடை வாடகையைப் பெரிய வியாபாரிக்கும் நெய்கிறவருக்கும் ஒன்றாக வைக்காதீர்கள். நெய்கிறவர் தறியோடு வந்தால் வாடகையே வேண்டாம். ஆனால் தறியை வெயில் நேரே விழாத இடத்தில் போடுங்கள். கோரை காய்ந்தால் முறியும், நாளெல்லாம் அவர் தண்ணீர் தெளித்துக்கொண்டே உட்கார்ந்திருக்க வேண்டியதாகிவிடும். பக்கத்தில் ஒரு குழாய் இருக்கிற இடமாகப் பாருங்கள்.